நல்லாகக் கதைக்கத் தெரிந்தால் உளவளத்துணை செய்யலாமா?

உங்கள் கேள்வியை என் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். வயது 31, கொழும்பில் வங்கி வேலை, நண்பர்களும் சொந்தக்காரரும் மனக்கஷ்டம் வந்தால் உங்களிடம்தான் வருகிறார்கள், "உன்னோட கதைச்சா பாரம் குறையுது" என்கிறார்கள். அதனால் வார இறுதி டிப்ளோமா ஒன்றில் சேர்ந்து உளவளத்துணையாளர் (கவுன்சலர்) ஆகலாமா என்று யோசிக்கிறீர்கள், அதற்கு என்னென்ன தொடர்பாடல் திறன்கள் வேண்டும் என்று பட்டியல் கேட்கிறீர்கள். பட்டியல் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: எனக்கு நல்லாகக் கதைக்க வரும், அது காணுமா? காணாது. சில வேளை அதுவே இடைஞ்சலாகவும் இருக்கும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005 இல், இந்த வேலைக்குள் வந்தேன். அப்போது ஆள் தட்டுப்பாடு. இரண்டு கிழமைப் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ், நேரே கிழக்கில் ஒரு நலன்புரி முகாம். முறையாகப் படித்தது அதற்குப் பிறகுதான். இப்போது பல வருடமாக வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் பெரியவர்களையும் தம்பதிகளையும் பார்க்கிறேன். சிறுவர்களோடு எனக்கு அனுபவம் குறைவு. மருத்துவரும் இல்லை, எனவே மருந்து பற்றியோ நோய் நிர்ணயம் பற்றியோ இங்கே எதுவும் சொல்லமாட்டேன். கீழே வரும் ஆட்களின் விவரங்களை மாற்றியும் ஒன்றோடொன்று கலந்தும்தான் எழுதியிருக்கிறேன்.

கொழும்பில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும்: "இவனுக்குக் கொஞ்சம் கவுன்சலிங் குடுங்கோ மிஸ்." ஏதோ சேலைன் ஏற்றுவது மாதிரி. மகன் படிக்கவில்லை, மருமகள் கதைக்கிறாள் இல்லை, கணவன் குடிக்கிறார், நாங்கள் கொஞ்சம் 'குடுத்தால்' சரியாகிவிடும். அவர்கள் எதிர்பார்ப்பது புத்திமதி, அதுவும் நல்லாகக் கதைக்கத் தெரிந்த ஒருவர் சொல்லும் புத்திமதி. இந்த வேலைக்கு எங்கள் மொழியில் உள்ள பெயர்களைப் பாருங்கள். உளவளத்துணை என்கிறோம், யாழ்ப்பாணத்தில் சீர்மியம் என்ற சொல் உண்டு, ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்வார்கள். மூன்றாவது சொல் எனக்குப் பிடிக்கும், அதே நேரம் அதில் ஒரு நெருடலும் உண்டு. பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளில் பரிசில் பெற்றுத் திரும்பி வரும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு 'இந்த வழியால் போ, இன்னாரிடம் போ' என்று சொல்வான். அவன் தான் போய்வந்த வழியைச் சொல்கிறான். எங்களிடம் வருகிறவர் போகவேண்டிய வழியில் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. போனதாக நினைத்துக்கொண்டு வழி சொன்னோமோ, பிழை அங்கேயே தொடங்கிவிடும்.

ஆக முதலாவது திறன், வாயில் வரும் ஆறுதல் வார்த்தையை விழுங்குவது. சிரிக்காதீர்கள், எனக்கு இது பழக மூன்று நாலு வருடம் பிடித்தது. எங்கள் ஆட்களிடம் யாராவது அழுதால் உடனே வருவது என்ன? "யோசிக்காதீங்கோ, எல்லாம் சரிவரும்." "உங்களை விடக் கஷ்டப்பட்ட சனம் எவ்வளவு இருக்கு." "கடவுள் பாத்துக்கொள்ளுவார்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவரின் காதில் அது 'சரி, இனி அழாதே, எனக்குத் தாங்கேலாது' என்றுதான் விழுகிறது. செத்த வீட்டில் இதற்கு இடமுண்டு, அங்கே அது சடங்கின் ஒரு பகுதி, கூட்டமாக வந்து கூட்டமாகச் சொல்லிவிட்டுப் போவோம். ஒருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவரும்போது அதே வசனத்தைச் சொன்னால், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஓம், அதுவும் சரிதான் மிஸ்" என்று எழும்பிப் போய்விடுவார். நன்றியும் சொல்வார். நாமும் இன்றைக்கு நல்ல வேலை செய்தோம் என்று நினைப்போம். நல்லாகக் கதைக்கிற ஆட்களுக்கு இந்த விபத்து அதிகம் நடக்கும், ஏனென்றால் அவர்களிடம் ஆறுதல் வசனங்கள் நிறைய இருக்கும்.

"எனக்கு விளங்குது" என்ற வசனமும் அப்படித்தான். அதைச் சொல்வதால் நமக்கு விளங்கியது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. விளங்கியதைக் காட்டவேண்டும். கணவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருடமான ஒரு பெண், தெமட்டகொடையில் இருந்து வருவார். "வீட்டுல எல்லாரும் இருக்காங்க மிஸ், ஆனா வீடு வெறிச்சோடிக் கெடக்கு" என்றார். பயிற்சி எடுக்க வந்த ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தார், வந்தவரின் சம்மதத்தோடுதான். அவர் படித்தபடி உடனே, "நீங்கள் தனிமையாக உணர்கிறீர்கள்" என்றார். அந்தப் பெண் "ஆமா" என்றார், அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து நான் "வெறிச்சோடி..." என்று அவருடைய சொல்லையே மெதுவாகத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு இருபது நிமிடம் அவர்தான் கதைத்தார். மாமியாருக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் போய் நிற்பது, போனில் கணவரின் குரலைக் கேட்டால் எரிச்சல் வருவது, அந்த எரிச்சலுக்காகத் தன்மேலேயே வெட்கம் வருவது, எல்லாம் வந்தது.

இது என் கெட்டித்தனம் இல்லை, மொழியின் விஷயம். எங்கள் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து வந்தவை. உணர்ச்சியைப் பிரதிபலி என்று அங்கே எழுதியிருப்பதை அப்படியே தமிழாக்கி 'நீங்கள் கோபமாக உணர்கிறீர்கள்' என்று பழக்குகிறோம். எந்தத் தமிழர் வீட்டில் அப்படிக் கதைக்கிறார்கள்? தமிழில் உணர்ச்சி நாம் செய்கிற வேலை இல்லை. அது நமக்கு வருகிறது, பிடிக்கிறது, போகிறது. கோபம் வரும், அழுகை வரும், வெறுப்புப் பிடிக்கும், மனம் விட்டுப்போகும், நெஞ்சு அடைக்கும். 'உங்களுக்கு அந்த நேரம் மனம் விட்டுப்போச்சு' என்றால் ஆள் நிமிர்ந்து பார்ப்பார். 'நீங்கள் நம்பிக்கையிழந்ததாக உணர்ந்தீர்கள்' என்றால் படிவம் நிரப்புகிறோம் என்று நினைப்பார். பாதி நேரம் உணர்ச்சி உடம்பின் பெயரில்தான் வரும்: தலையிடி, நெஞ்சுப் பாரம், கை கால் விறைப்பு. அவற்றை உடனே 'இது உங்கள் மனக்கவலைதான்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நெஞ்சு நோவு என்றால் முதலில் டொக்டரிடம் காட்டினார்களா என்று கேட்கவேண்டும். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. காட்டி, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் பாரம் இருந்தால், அந்தப் பாரம் எப்போது கூடும், யார் வீட்டுக்கு வந்தால் கூடும் என்று அவருடைய சொல்லிலேயே தொடரலாம்.

ஓம் என்ற சொல்லைப் பற்றி ஒரு பக்கக் கதை. ஒரு மனைவி தன் கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார், நான் கேட்கிறேன் என்று காட்ட "ஓம்... ஓம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை கணவர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நான் சுயநலக்காரன் எண்டு நீங்களும் ஓம் எண்டு சொன்னீங்களாம்?" அன்றிலிருந்து தம்பதிகள் வந்தால் "ம்ம்" மட்டும்தான். எங்கள் தமிழில் ஓம் என்றால் கேட்கிறேன் என்பதும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன் என்பதும் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியில் எப்போதும் இரண்டாவதுதான் போகும்.

காலம் காட்டும் வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். யுத்தத்தில் காணாமல் போன மகனைப் பற்றி ஒரு அம்மா, "மகனுக்குப் புட்டும் மாம்பழமும் எண்டால் உயிர்" என்றார். அந்த வசனத்தில் வினைச்சொல்லே இல்லை, இருக்கிறாரா இருந்தாரா என்று அது முடிவெடுக்கவில்லை. நான் அப்போது புதிது. "நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறார்" என்றேன். அந்த அம்மாவின் முகம் மூடிக்கொண்டது. ஒரு விகுதியால் நான் அவருடைய மகனைக் கொன்றுவிட்டேன். இப்படி ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்து எழுதிவருகிறார். தெளிவு கிடைக்காத ஒருவரைத் துக்கத்தை முடித்துக்கொள்ளும்படி அவசரப்படுத்தக்கூடாது என்பது அவர் சொல்வதன் சாரம். வகுப்பில் எனக்கு அது ஒரு கோட்பாடு. அந்த அம்மாவுக்குப் பிறகு அது இலக்கணமாகிவிட்டது. வந்தவர் எந்தக் காலத்தில் கதைக்கிறாரோ அந்தக் காலத்திலேயே நானும் நிற்பேன்.

மௌனம். என் அறை கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட. ரயில் போகும்போது யார் சொல்வதும் கேட்காது, இரண்டு பேரும் சும்மா இருக்கத்தான் வேண்டும். அந்த ரயில்தான் எனக்கு வாயை மூடப் பழக்கியது என்று சொன்னால் மிகையில்லை. ரயில் போன பிறகு பல பேர் முன்பு சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடரமாட்டார்கள். வேறு ஒன்றைச் சொல்வார்கள், பெரும்பாலும் அதைவிட உள்ளே இருக்கும் ஒன்றை. பிறகு ரயில் வராத நேரத்திலும் ஒரு ரயில் போகும் அளவுக்குக் காத்திருக்கப் பழகினேன். ஆனால் மௌனம் எல்லோருக்கும் மருந்தில்லை. அப்பா கோபம் வந்தால் கிழமைக்கணக்கில் கதைக்காமல் இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு உங்கள் மௌனம் தண்டனை மாதிரி இருக்கும். முதல் நாள் வந்து பதற்றத்தில் கையைப் பிசைந்துகொண்டிருப்பவரையும் மௌனத்தில் விடாதீர்கள், தண்ணீர் வேண்டுமா என்றாவது கேளுங்கள்.

கேள்வி கேட்கும் விதம் பற்றி எல்லா வகுப்பிலும் சொல்வார்கள்: ஓம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் குறை, விரிவாகச் சொல்லவைக்கும் கேள்வியைக் கேள். சரிதான். நான் கூட்டிச் சொல்வது இரண்டு. ஒன்று, ஏன் என்ற சொல். "ஏன் அப்பிடிச் செய்தீங்கள்?" என்று எங்கள் ஊரில் கேட்பவர்கள் வாத்தியார், மாமியார், பொலிஸ். பதிலாக வருவது காரணமில்லை, தற்காப்பு. "அந்த நேரம் என்ன நடந்தது?" என்றால் அதே விவரம் சண்டையில்லாமல் வரும். பல நேரம் "சொல்லுங்கோ" என்ற ஒரு சொல்லே போதும். மற்றது, "நீங்கள் எவடம்?" தமிழருக்கு இது வணக்கம் மாதிரி ஒரு கேள்வி. ஊர், அதற்குப் பிறகு குறிச்சி, அதற்குப் பிறகு 'அப்ப இன்னாரைத் தெரியுமோ'. இந்த அறைக்குள் அதைக் கேட்டால் வந்தவர் அந்த நிமிடமே கணக்குப் போடத் தொடங்குவார்: இவவுக்கு என் பெரியம்மாவைத் தெரியும், என் சாதி தெரியும், நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்குப் போகும். நான் கேட்பதேயில்லை. அவர்கள் என்னைக் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். ஒரு வசனத்தில் உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு, "உங்கடை ஆக்களை எனக்குத் தெரிஞ்சிருக்குமோ எண்டு யோசிக்கிறீங்களோ?" என்று கேட்டுவிடுவேன். அங்கே இரகசியம் காப்பது பற்றிய கதை தானாக வரும். அப்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடவேண்டும், உயிருக்கு ஆபத்து என்றாலோ ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்றாலோ என்னால் சும்மா இருக்கேலாது என்று. பிறகு சொன்னால் அது துரோகமாகிவிடும்.

கொழும்பில் இன்னொரு விஷயம், மொழி மாறுவது. தமிழில் கதைத்துக்கொண்டிருப்பவர் சில இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுவார். 'டிவோர்ஸ்', 'அபியூஸ்', 'அஃபெயார்'. தமிழில் சொன்னால் சுடும் சொல்லை ஆங்கிலத்தில் கையுறை போட்டுத் தொடுகிறார்கள். அந்தக் கையுறையை நாம் கழற்றத் தேவையில்லை, அவரே ஒரு நாள் கழற்றுவார். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சில பேருக்குக் கோபம் சிங்களத்தில்தான் நன்றாக வரும். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும், விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று கேட்டுவிடுவேன். விளங்கியதாக நடித்து மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். 'டிப்ரெஷன்' என்று யாராவது சொன்னால், அது உங்களுக்கு எப்படி இருக்கும், காலையில் எழும்பினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஒருவருக்கு அது படுக்கையை விட்டு எழும்பேலாமல் இருப்பது, இன்னொருவருக்கு வெறும் அலுப்பு.

இனி, எது உறுதி, எது சந்தேகம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1957 இல் எழுதிய கட்டுரையில் சொன்ன மூன்று விஷயம் இன்றும் எல்லாப் பயிற்சிக்கும் அடித்தளம்: மற்றவரின் இடத்தில் நின்று விளங்கிக்கொள்வது, நிபந்தனையில்லாமல் மதிப்பது, பொய் முகம் காட்டாமல் இருப்பது. இவை உதவும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இவை மட்டுமே போதும் என்று அவர் சொன்னதைத்தான் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. கடும் பயம், திரும்பத் திரும்பக் கை கழுவும் நிலை போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட சிகிச்சை முறைகள் உண்டு, அன்பாகக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் காணாது. உளவளத்துணையாளருக்கும் வந்தவருக்கும் இடையிலான உறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது. ஏறத்தாழ 300 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 பகுப்பாய்வு ஒன்றில் இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.28 அளவில் வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). இது மாயமும் இல்லை, அற்பமும் இல்லை. ஆனால் உறவு நல்லதால் ஆள் தேறினாரா, ஆள் தேறியதால் உறவு நன்றாகத் தெரிந்ததா என்ற வாதம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: தன்னை நாம் எவ்வளவு விளங்கிக்கொண்டோம் என்று வந்தவர் போடும் புள்ளிதான் பலனோடு அதிகம் ஒத்துப்போகிறது, உளவளத்துணையாளர் தனக்குத் தானே போடும் புள்ளி அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. அதனால்தான் அமர்வு முடிகிற நேரம் "இண்டைக்கு நான் எங்கேயாவது பிழையா விளங்கிக்கொண்டனோ?" என்று கேட்பேன். முதல் தடவை எல்லோரும் "சீ, இல்லை மிஸ்" என்பார்கள். மூன்றாம் தடவை உண்மை வரும்.

பயிற்சிப் பட்டறைகளில் ஒரு வரைபடம் காட்டுவார்கள், தொடர்பாடலில் 7 வீதம்தான் சொல், 38 வீதம் குரல், 55 வீதம் உடல்மொழி என்று. நம்பாதீர்கள். உளவியலாளர் அல்பர்ட் மெஹ்ரேபியன் 1967 இல் செய்த சில பரிசோதனைகளிலிருந்து வந்த எண் அது. தனிச் சொற்களையும் குரலையும் முகப் படங்களையும் வைத்து, ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதை மற்றவர் எதிலிருந்து ஊகிக்கிறார் என்று பார்த்தவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். உடல்மொழி முக்கியம், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நேருக்கு நேர் உட்கார், கண்ணைப் பார் என்ற விதியை எங்கள் ஆட்களிடம் அப்படியே போட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். நான் கதிரைகளைக் கொஞ்சம் சாய்வாகப் போடுவேன், இருவரும் யன்னலையும் பார்க்கலாம்.

'சொன்னால் பாரம் குறையும்' என்பதும் எப்போதும் உண்மையில்லை. பேரதிர்ச்சி நடந்த உடனேயே ஒரே அமர்வில் ஆளைக் கதை முழுவதும் சொல்லவைக்கும் முறை பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதியாகவும் இருக்கலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. 2005 இல் அந்த முகாமில் நாங்கள் செய்தது அதுதான், தெரியாமல். ஒரே அம்மாவிடம் மூன்று குழுக்கள் தனித்தனியாக வந்து, அலை வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டன, அதில் ஒரு குழுவில் நானும் இருந்தேன். 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உள முதலுதவி வழிகாட்டி பார், கேள், தொடர்புபடுத்து என்று மூன்றே வேலை சொல்கிறது. கேள் என்பது அங்கே அவர் சொல்ல விரும்பினால் கேள் என்பதுதான், தோண்டு என்பதில்லை. 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு இருந்தபோது நான் அதிகம் செய்தது சோடா வாங்கிக் கொடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்துக் கொடுத்தது.

புத்திமதி சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். "மிஸ், நீங்களே சொல்லுங்க, நான் அவர விட்டுட்டுப் போகவா, இருக்கவா?" என்று கேட்பவரிடம், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால், புத்தகப்படி சரி, ஆனால் அவருக்கு அது கதவை முகத்தில் சாத்தியது மாதிரி இருக்கும். பஸ் ஏறிக் காசு கொடுத்து வந்திருக்கிறார். மதுப் பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் 1983 இல் எழுதியதிலிருந்து வளர்ந்த ஒரு முறை எனக்குக் கைகொடுக்கிறது. மற்றவரைத் திருத்திவிட வேண்டும் என்று நமக்குள் ஒரு கை துடிக்கும், அந்தக் கை நீளும்போதெல்லாம் அவர் எதிர்ப்பக்கம் வாதாடத் தொடங்குவார், குடியை விடு என்றால் குடியின் நியாயத்தைச் சொல்வார். அதனால் நான் தகவலைக் கொடுப்பேன், தீர்ப்பைக் கொடுக்கமாட்டேன். "சட்ட உதவி எங்க கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியும், சொல்லட்டோ?" என்று அனுமதி கேட்பேன், சொல்வேன், பிறகு "இதைக் கேட்க உங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்பேன். அடி விழும் வீடு என்றால் கதை வேறு, அங்கே பாதுகாப்புத்தான் முதலில், அதை நேராகவே சொல்லிவிடுவேன்.

இந்த ஒரு இடத்தில் சுற்றி வளைக்கக்கூடாது: சாவு பற்றிய பேச்சு. எங்கள் ஆட்கள் தற்கொலை என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள். "இருந்தென்ன", "போய்ச் சேர்ந்தா நிம்மதி", "பிள்ளையள் இல்லாட்டி..." என்று பாதியில் நிறுத்துவார்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை, நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. "சாகவேணும் எண்டு யோசனை வருதோ?" என்று அதே குரலில், நேரம் கேட்பது போலக் கேளுங்கள். வருகிறது என்றால் தனியே வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், கொழும்பில் 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று இன்னும் பயப்படுகிற குடும்பங்கள் உண்டு, தற்கொலைக்கு முயல்வது இங்கே 1998 முதல் குற்றமில்லை என்று சொல்லுங்கள். எங்கள் தொழிலின் தலைக்கனத்தைக் கொஞ்சம் இறக்க ஒரு தகவலும்: இலங்கையில் தற்கொலை வீதம் 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 வரை போய், அடுத்த இருபது வருடத்தில் பெரிய அளவில் குறைந்தது. அதற்கு முக்கிய காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததை, எங்களைப் போன்றவர்களின் பேச்சை இல்லை. அதனால் ஒருவரின் உயிர் பற்றிப் பயம் வந்தால், அவரோடு கதைப்பதோடு நிறுத்தாமல், வீட்டில் ஆபத்தானவற்றை எட்டாத இடத்தில் வைக்கவும், யாராவது கூட இருக்கவும் அவரோடும் வீட்டாரோடும் சேர்ந்து ஒழுங்கு செய்யுங்கள்.

வட்ஸ்அப் கோலில் வேலை செய்வது பற்றிச் சுருக்கமாக. மேலே சொன்ன விரிவான கேள்வி விதி அங்கே தலைகீழாகலாம். பக்கத்து அறையில் மாமியார் இருந்தால், ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விதான் இரக்கமான கேள்வி. தொடங்கும்போதே "இப்ப தனிய இருக்கிறீங்களோ?" என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, நேரிலும் சரி, போனிலும் சரி, கடைசி ஐந்து நிமிடத்தைக் காலியாக வைத்திருங்கள். வெளியே போய்ச் செருப்பைப் போடும்போதுதான் பலர், "மிஸ், இன்னொரு விஷயம்..." என்பார்கள். அந்த விஷயத்துக்காகத்தான் அவர் அன்று வந்திருப்பார்.

உங்களிடம் இப்போது வருகிற நண்பர்களைப் பற்றி: அவர்களுக்கு நீங்கள் நண்பராகவே இருங்கள். படித்து முடித்தாலும் அவர்களை வாடிக்கையாளராக எடுக்காதீர்கள், நட்பும் கெடும் வேலையும் கெடும். ஆனால் அவர்களிடம் ஒன்றைப் பரிசோதிக்கலாம். அடுத்த முறை ஒருவர் வரும்போது பத்து நிமிடம் எந்த யோசனையும் சொல்லாமல், உங்கள் சொந்தக் கதையையும் எடுக்காமல் இருந்து பாருங்கள். எவ்வளவு நேரம் தாங்கினீர்கள் என்று அன்றிரவு உங்களுக்கு நீங்களே உண்மையாக எழுதுங்கள். நான் முதல்முதல் என் அமர்வு ஒன்றை, அனுமதி பெற்று, பதிவு செய்து கேட்டபோது பாதிக்கு மேல் கதைத்தது நான். அழகாகத்தான் கதைத்திருந்தேன்.

டிப்ளோமாவில் சேர்வதைப் பற்றிக் கேட்டீர்கள். சேரலாம். கட்டணத்தைக் கேட்கும் அதே கோலில் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உண்மையான ஆட்களோடு எத்தனை மணித்தியாலம் உட்காரவேண்டும், அப்படி உட்கார்ந்து வந்த பிறகு என் பதிவையோ குறிப்பையோ அனுபவமுள்ள ஒருவர் என்னோடு இருந்து கேட்பாரா. இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் சேருங்கள். "எங்களிட்ட விரிவுரையும் பரீட்சையும்தான், செயன்முறையை நீங்களே வெளியில பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொன்னால் வேறு இடம் தேடுங்கள்.